ஏற்றத்தில் கழன்றுவிடுகிறேன், பென்னாகரம் பக்கம் யாராவது ஓட்டுகிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஊர் தருமபுரி, வயது 41, மூன்று வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். சமதளத்தில் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு எப்படியோ தாக்குப்பிடித்தேன். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குப் பாடு குறைவு. அவ்வளவுதான், என் திறமை ஒன்றுமில்லை.

கடைசி நாள் பந்தயம். ஏற்றத்தின் இரண்டாவது வளைவிலேயே கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டேன். எழுந்து நின்று மிதித்ததும் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. புளியமரத்தடியில் உட்கார்ந்து காலை நீவும்போது பார்த்தால் ஜெர்சி முழுக்க உப்பு பூத்திருக்கிறது. முதுகுப் பையில் கடலைமிட்டாய் பிரிக்காமல் அப்படியே கிடந்தது! சரி, அது என் தப்பு.

என் சந்தேகம் கியரில். முன்னால் இரண்டு பல்சக்கரம், 50 பல்லும் 34 பல்லும்; பின்னால் 11 பல்லிலிருந்து 28 பல் வரை. இருப்பதிலேயே லேசான கியரிலும் மிதி ஒரு முழுச் சுற்று வந்தால் சக்கரம் 1.2 சுற்று சுற்றுகிறது. 11-34 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போடச் சொல்கிறார்கள். என் பின் டீரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) கூண்டு குட்டை. அது 34 பல்லைத் தாங்குமா, இல்லை டீரெய்லரையும் செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பழக எனக்குப் பக்கம் ஒகேனக்கல் மலைப்பாதைதான். தொப்பூர் கணவாயில் லாரிகளோடு மல்லுக்கட்ட தைரியம் இல்லை. ஆனால் ஒகேனக்கல் யானைக் காடு, தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள். ஞாயிறு விடிந்ததும் பென்னாகரத்திலிருந்து இறங்கி ஏற யாராவது துணைக்கு வருவீர்களா? மெதுவாக ஓட்டுகிறவர்களாக இருந்தால் ரொம்ப நல்லது.