அம்மாயி 'பத்துச்சீட்டு' என்கிறார், கடிதத்தில் 'பணிக்கொடை' என்று இருக்கிறது

பொகவந்தலாவைப் பேத்தி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா போன மாதம் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1994இல் பெயர் பதிந்தவர், 31 வருஷம் கொழுந்து பறித்திருக்கிறார். ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் 'பணிக்கொடை', 'ஊழியர் சேமலாப நிதி' என்று இரண்டு சொற்கள். அம்மா இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒரு படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "அவங்களா பார்த்துக் கொடுப்பாங்க, நாம போய்க் கேட்டா நல்லா இருக்காது" என்கிறார்.

அம்மாவின் தாயான அம்மாயி கடிதத்தைப் பார்த்ததும் "உங்கம்மாவுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டு அழுதுவிட்டார். கடையில் சாமான் வாங்கினால் தருவதும் பற்றுச்சீட்டுதானே? அதற்கு ஏன் அழ வேண்டும்? அப்புறம் தன் மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது, "அவரைச் சின்னப் பிள்ளையா துண்டோட கொண்டாந்தாங்க" என்றார். இத்தனை நாளும் தோளில் போடும் துண்டு என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாயி அது இல்லை என்கிறார், விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளாக்கர்:

மகள், நான் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவு, எழுதியவன். உங்கள் அம்மாயி அழுததில் காரணம் இருக்கிறது.

பற்று என்றால் கணக்கில் ஒருவர் பெற்றுக்கொண்டது. பற்று, வரவு என்று சொல்கிறோமே, அந்தப் பற்றுதான். கடைக்காரர் தருவது பணம் பெற்றதற்கான சீட்டு. தோட்டத்தில் அதே சொல் 'பத்துச்சீட்டு' ஆகி, ஆளை வேலையிலிருந்து விடுவிக்கும் சீட்டுக்குப் பெயரானது. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போனால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இலங்கையின் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், அதற்குச் சிறையும் உண்டு. பிறகு காலம் மாறியது. தோட்டத்தை நடத்தும் துரை கோபித்து ஆளை நிறுத்தும்போது கொடுக்கும் கடிதத்துக்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அம்மாயி காதில் விழுந்தது "வேலையை விட்டு நிறுத்திட்டாங்க" என்பதுதான். ஓய்வு வேறு என்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

துண்டு என்பது கடன் சீட்டு. ஆள் திரட்டி வந்து வேலை வாங்குகிற ஒரு கங்காணியின் ஆட்கள் பேரில் தோட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதைக் கொண்டுபோய் வேறு தோட்டத்தில் காட்டுவார். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கை மாறும், அவ்வளவுதான். கப்பல் செலவு, வழிச் சோறு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். ஆங்கிலத்தில் எழுதிய ஆவணங்களிலும் இதற்குத் 'துண்டு' என்றே எழுதினார்கள், வேறு சொல் தேடவில்லை. 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். அதே சட்டத்தில்தான் வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்புவதும் நின்றது. இன்று ஆஸ்பத்திரித் துண்டு, சம்பளத் துண்டு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் ஒரு குடும்பமே அந்தக் காகிதத்தில் ஏறி மலை மாறியது.

இனி அம்மாவின் விஷயம். இதுதான் அவசரம். இரண்டும் ஒன்றல்ல. சேமலாப நிதி மாதா மாதம் அம்மாவின் சம்பளத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் சேர்ந்த பணம். நம் ஆட்கள் ஈ.பி.எப். என்பார்கள். பணிக்கொடை அதற்கு மேல், தோட்டம் தனியாகத் தர வேண்டியது. நாம் சர்வீஸ் காசு என்கிறோமே, அதுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருஷம் முடித்தவருக்கு உரிமை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு நிறைவான ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றால், 31 வருஷத்துக்கு 5,85,900 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் அதற்கு மேலதிகக் கட்டணமும் சேரும்.

'கொடை' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்காது. கோயில் கொடை மாதிரி, மனம் இருந்தால் தருவார்கள் போல ஒரு தொனி வந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், அன்பளிப்பு என்ற பொருளில் பிறந்தது. அம்மா கேட்கத் தயங்குவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். அது உழைத்த காசு, மகள். போய்க் கேளுங்கள்.

தலவாக்கலை அண்ணன்:

கிளாக்கர் ஐயா சொன்னது சரி. நான் இன்னொரு சொல்லையும் சேர்க்கிறேன் தங்கச்சி, கொந்தரப்பு. புல்லுவெட்டை ஏக்கர் கணக்கில் பேசி எடுத்தால் கொந்தரப்பு என்போம். இப்போது தேயிலை மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு 'வெளிவாரி', 'வருமானப் பங்கீடு' என்று புதுப் பெயர்கள். எங்கள் வீட்டில் கையெழுத்துக் கேட்டபோது நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: இதற்குப் பிறகும் செக்ரோலில் பேர் இருக்குமா, ஈ.பி.எப். கட்டுவீர்களா? தெளிவான பதில் வரும்வரை கையெழுத்துப் போடவில்லை. உங்கள் வீட்டில் தம்பி தங்கைகள் யாராவது வேலை செய்தால் சொல்லி வையுங்கள்.

பொகவந்தலாவைப் பேத்தி:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. அம்மாயியிடம் ஓய்வு என்று விளக்கிச் சொன்னேன். "அப்ப அவளை யாரும் விரட்டலையே?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு தேத்தண்ணி குடித்தார்.

அம்மா பிஸ்கட் டின்னில் பழைய சம்பளத் துண்டுகளை எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். கடைசி மாதத்தையும் பார்த்தேன், நாட்சம்பளம் 1,350தான். ஐயா போட்ட கணக்கை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது நம்பவில்லை, திரும்பப் பெருக்கச் சொன்னார். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகிறோம். அங்கே இழுத்தடித்தால் தொழில் காரியாலயத்துக்குப் போகலாமா ஐயா? எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

பழைய கிளாக்கர்:

தாராளமாகப் போகலாம். அடையாள அட்டை, செக்ரோல் நம்பர், வேலை முடிந்த கடிதம், கடைசிச் சம்பளத் துண்டு. எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுங்கள், மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கொடுத்ததற்குத் திகதி போட்ட ஒரு பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் தருகிற வகை.