புதுப்பிப்பு: எட்டாம் வகுப்போடு எழும்பூர் அருங்காட்சியகம் போய் வந்தோம்

பல்லாவரத்திலிருந்து 38 பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம், வெறும் சுற்றிப் பார்ப்பதாக முடியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எச்சரித்தவருக்குத் தனி நன்றி. நாங்கள் முதலில் குறித்திருந்தது வெள்ளிதான்! புதனுக்கு மாற்றினோம்.

வினாத்தாள் யோசனை எடுபடவில்லை. ஒருவன் எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். "ஆளுக்கு ஒரே பொருள், இருபது நிமிடம் உட்கார்ந்து வரையட்டும்" என்ற யோசனைதான் பலித்தது. ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பழைய பௌத்தச் சிற்பங்களின் முன் அவர்கள் இருந்த அமைதியை நான் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை.

எதிர்பாராதது கற்கருவிகள். செப்புத் திருமேனிகள்தான் இழுக்கும் என்று நினைத்திருந்தேன். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில் என்று சொன்னதும், "எங்க ஊர்லயா மிஸ்?" என்று மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இப்போது தினமும் யாராவது ஒரு கல்லோடு வகுப்புக்கு வருகிறார்கள். எல்லாம் ஜல்லிதான், சரி, இருக்கட்டும்.

அப்புறம், ஒரு காலைக்கு இரண்டு கூடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். மூன்றாவதில் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது, எனக்கும்தான்.