கேஸ் ரேஞ்ச்: வீச்சா, நெடுக்கமா?

சி மொழியின் ஸ்விட்ச் கட்டளையில், 35 முதல் 59 வரையுள்ள மதிப்பெண்களை ஒரே கேஸில் அடக்குவதுதான் கேஸ் ரேஞ்ச். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> "நிலை வீச்சு" என்று வைக்கலாமா?

வீச்சு வேண்டாம். பள்ளிப் புள்ளியியலில் வீச்சு என்பது பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது. 35, 59 என்றால் வீச்சு 24, ஒற்றை எண். நமக்கு வேண்டியதோ 35 முதல் 59 வரையுள்ள 25 முழு எண்களும். "இடைவெளி" என்றால் 35.5-உம் உள்ளே வந்துவிடும். ஸ்விட்ச் முழு எண்ணைத்தான் ஏற்கும். "நிலை"யை ஸ்டேட்டுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். என் பரிந்துரை: மதிப்பு நெடுக்கம்.

> ஜிசிசி நீட்சிக்கு எதற்குத் தனிச்சொல்?

ஜிசிசி கம்பைலரில் மட்டுமல்ல, கிளாங் கம்பைலரிலும் இருக்கிறது. சி மொழியின் அடுத்த தரத்துக்கான வரைவிலும் 2024-இல் சேர்த்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி-யில் எடுபடாது, அங்கே இஃப்-எல்ஸ்தான். மதிப்பெண்ணை 10-ஆல் வகுத்து ஸ்விட்சில் போடும் பழைய உத்தி இருக்கிறதே, தேர்ச்சி எல்லை 35 என்றால் அது உதவாது: 34, 35 இரண்டுக்கும் ஈவு 3. தவறாக வந்த -5-க்கும் ஈவு 0, ஆகவே அது பூச்சியக் கேஸில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும்.

கலைச்சொல் பட்டியலுக்கான விளக்கம்:

கேஸ் 35 ... 59:

இரு முனைகளும் அடங்கும். மூன்று புள்ளிக்கு இருபுறமும் இடம் விடவேண்டும். ஒட்டி எழுதினால் முழுவதையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு, தசமப் புள்ளி அதிகம் என்று கம்பைலர் பிழை காட்டும். முனைகளில் மாறிலிக் கோவைகள்தான் (தொகுக்கும்போதே மதிப்பு தெரிந்தவை) வரலாம். எழுத்துக்குறிகளில் கவனம்: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் 'ஏ' முதல் 'இசட்' வரை சரியாக 26. ஐபிஎம்மின் எப்சிடிக் முறையில் அதே நெடுக்கம் 41 இடங்களைப் பிடிக்கும், நடுவில் எழுத்தல்லாதவையும் உண்டு.

---

> மதிப்பு நெடுக்கம்

எனக்கும் சம்மதம். "முதல்-வரை" என்று சொல்ல நினைத்தேன். இடைக்கோடு விட்டுப்போனால் முதலமைச்சரைக் குறிக்கும்!

முனைகளுக்குக் கீழெல்லை, மேலெல்லை போதும். 59 ... 35 என்று தலைகீழாக எழுதுவதற்கு "வெற்று நெடுக்கம்", வெற்றுக் கணம் போல. ஜிசிசி அதற்கு எச்சரிக்கை மட்டுமே தரும், நிரல் ஓடும், அந்தக் கேஸுக்குள் எதுவும் போகாது. ஆகவே விளக்கத்தில் இதையும் சேருங்கள்.

ஓவர்லேப்புக்கு "மேற்படிவு" என்ற சொல்லும் வேண்டும். 35 ... 60, 60 ... 100 என்று எழுதினால் 60 இரண்டிலும் வருகிறது. இஃப்-எல்ஸில் முதலில் பொருந்துவது வெல்லும். ஸ்விட்சிலோ கம்பைலர் தொகுக்கவே தொகுக்காது.