வாடகை வவுச்சர் இருந்தும் கார் இல்லாவிட்டால்?

வழிப்போக்கன்:
அமெரிக்க அரசு 1994-இல் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கியது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு, வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பகுதிகளில் மட்டும் செல்லும் வாடகை வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசே கட்டும் உதவிச் சீட்டு, தரப்பட்டது. ஏறக்குறையப் பாதிப் பேரே அதைக்கொண்டு வீடு மாறினார்கள். கார் இல்லாமைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பேன். வவுச்சரைக்கொண்டு வீடு பிடிப்பதற்குக் காலக்கெடு உண்டு. இரண்டு பேருந்து மாறிப் புறநகருக்குப் போய்ச் சேர்வதற்குள், காரில் வந்த ஒருவர் முன்பணம் கொடுத்து வீட்டை முடித்திருப்பார்.

திண்ணைவாசி:
பழைய காரையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க முடிகிற குடும்பத்துக்குப் பெரும்பாலும் நிலையான வேலையோ சிறு சேமிப்போ இருக்கும். அது நல்ல பகுதிக்குப் போனதைக் காரின் கணக்கில் எழுதுவது சரியா? வவுச்சர் என்றதும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்களை நீங்கள் குறிப்பிடவே இல்லை.

வழிப்போக்கன்:
வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் குடியேறுவதோடு கதை முடிவதில்லை. கார் உள்ள குடும்பங்களே வறுமை குறைந்த பகுதிகளில் அதிகம் நிலைத்தன என்பதை அமெரிக்க ஆய்வு நிறுவனமான அர்பன் இன்ஸ்டிடியூட் 2014-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பால்டிமோர் புறநகரில் எங்கள் குடியிருப்பில் இருந்த ஓர் அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். இரவு 11 மணிக்கு அவர் வேலை முடியும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும் என்பதால், உடன் வேலை செய்தவரின் காரில் திரும்பிவந்தார். அந்தத் தோழி வேலையை விட்ட மூன்றாம் மாதம், இவர் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிக்கொண்டு நகரத்துப் பழைய தெருவுக்கே போய்விட்டார்.

திண்ணைவாசி:
அப்படியானால் அவருக்கு வேண்டியிருந்தது பதினொன்றரை மணிக்கு ஒரு பேருந்து. காப்பீடு, பழுது, பெட்ரோல் என்று மாதந்தோறும் பணம் கேட்கும் ஒரு பொருளை ஏழையின் தலையில் கட்டுவதை நான் உதவி என்று ஏற்கமாட்டேன்.

கணக்கர்:
இடையில் ஒரு சொல். உணவு உதவிக்கான கூட்டரசு விதிகளில், காரின் சந்தை மதிப்பு 4,650 டாலரைத் தாண்டினால் மிகுதியைச் சொத்தாகக் கணக்கிடும் பிரிவு ஒன்று உண்டு; சொத்து வரம்பைத் தாண்டினால் உதவி கிடைக்காது. பல மாநிலங்கள் அதைத் தளர்த்திவிட்டன என்றாலும், நம்பகமான காரை ஏழை வைத்திருப்பதையே ஐயத்தோடு பார்த்த விதி அது.

வழிப்போக்கன்:
பேருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, திண்ணைவாசி. வீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும் புறநகரில் நள்ளிரவுப் பேருந்துக்கு ஆள் சேராது என்று தடத்தையே எடுத்துவிடுகிறார்கள். அந்த அம்மாவின் வாடகை ஒப்பந்தமோ ஓராண்டுக்குத்தான்; பேருந்து வரும்வரை அவர் எப்படிக் காத்திருப்பார்?