உருளைக்கிழங்கு 323, முட்டை 150: "சோறு பசி தாங்காது" என்றவர் பதில் சொல்லட்டும்

வெண்ணாற்றங்கரை:
போன வாரம் இட்லியா ஓட்ஸா என்று ஓடிய இழையில் இரும்புத்தோள் தம்பி போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். டெல்டாக்காரனுக்குச் சோறுதான் எதிரியாம். சோறு பசி தாங்காதாம், புரதம்தான் தாங்குமாம், அதை இரண்டு மடங்காக்கினால் பசியும் அடங்கித் தொப்பையும் தானாக இறங்குமாம். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. அன்றைக்கே எழுத வந்தேன், நடவு வேலை இருந்ததால் விட்டுவிட்டேன்.

இப்போது கேளுங்கள். 1995ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்ற அம்மா தன் குழுவோடு 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவில் சாப்பிடக் கொடுத்து, கால் மணிக்கு ஒருதரம் வயிறு எப்படி இருக்கிறது என்று இரண்டு மணி நேரம் கேட்டுக் குறித்தார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால் முட்டைக்கு 150, சோற்றுக்கு 138, பருப்புக்கு 133. முதல் இடம் யாருக்குத் தெரியுமா? அவித்த உருளைக்கிழங்குக்கு. 323! அதில் 100 கிராமுக்கு இரண்டு கிராம் புரதம் இருந்தால் பெரிது. பருப்பைச் சோறு முந்துகிறது, முட்டையைக் கிழங்கு தூக்கி எறிகிறது. தம்பி பதில் சொல்லவும்.

இரும்புத்தோள்:
வணக்கம் ஐயா. அதே பட்டியலில் மீன் 225, மாட்டிறைச்சி 176 என்று இருக்கிறதே, அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 240 கலோரிக்குக் கிழங்கு கால் கிலோவுக்கு மேல் வரும், முட்டை மூன்றோடு முடிந்துவிடும். கிழங்கில் முக்கால்வாசி தண்ணீர். வயிறு உப்பத்தான் செய்யும். புரதமும் நாரும் தண்ணீரும் கூடினால் நிறைவு கூடுகிறது, கொழுப்பு கூடினால் குறைகிறது என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார்.

இரண்டு மணி நேரக் கதையை விடுங்கள். 2005ல் அமெரிக்காவில் வைகிள் குழு செய்ததைப் பாருங்கள். 19 பேருக்குப் புரதத்தைக் கலோரியில் 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக்கிவிட்டு, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். நாளொன்றுக்கு 441 கலோரி தானாகக் குறைந்தது, 12 வாரத்தில் 4.9 கிலோ இறங்கியது. யாரும் யாரையும் பட்டினி போடவில்லை. 441 ஐயா! போதாததற்கு, புரதத்தைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான்.

சும்மா ஒருவன்:
ஒரு சந்தேகம். பசி தாங்குவது என்று இங்கே எதைச் சொல்கிறோம்? சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் வயிறு நிறைந்திருப்பதையா, அன்று முழுக்கச் சாப்பிடும் அளவு குறைவதையா, ஆறு மாதம் கழித்து எடை இறங்குவதையா? மூன்றும் வேறு வேறு. எது என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே.

வெண்ணாற்றங்கரை:
கிழங்கில் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு நன்றி தம்பி. சோற்றிலும்தான் இருக்கிறது. 323க்கு இன்னும் பதில் வரவில்லை.

441க்கு வருவோம். அந்த 19 பேருக்குப் புரதம் மட்டுமா மாறியது? கொழுப்பை 35 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டமும் கிடையாது. நெய்யையும் வறுவலையும் நிறுத்திவிட்டு முட்டைக்கு மாலை போடுவதா? 2009ல் அமெரிக்காவில் சாக்ஸ் குழு எடை குறைக்க வந்த 811 பேரை இரண்டு வருடம் கவனித்தது. ஒரு பாதிக்குப் புரதம் 15 சதவீதம், மறுபாதிக்கு 25. கடைசியில் 15க்காரர்கள் இழந்தது 3.0 கிலோ, 25க்காரர்கள் 3.6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. பசியிலும் வித்தியாசம் இல்லை. 19 பேர் எங்கே, 811 பேர் எங்கே?

கடப்பா பிரியை:
இரண்டு பேருமே நல்லா இருங்க. இட்லிக்குத் தொட்டுக்கிற கும்பகோணம் கடப்பாவில் உருளைக்கிழங்கும் இருக்கு, பாசிப்பருப்பும் இருக்கு. அதுக்கு எத்தனை மார்க்?

இரும்புத்தோள்:
அக்கா, அதில் பருப்பு கணிசமாக இருப்பதால்தான் நாலு இட்லியோடு கை நிற்கிறது. புரதம்!

வெண்ணாற்றங்கரை:
கடப்பாவில் கிழங்குதான் முதல். பருப்பு சும்மா குழம்பு கெட்டிப்படுவதற்கு. எங்கள் வீட்டில் நாலு கிழங்குக்கு ஒரு கைப்பிடி பருப்பு. ஆக, அங்கேயும் ஜெயித்தது 323தான்.

கடப்பா பிரியை:
ஒரு கைப்பிடியா? ஐயா, அதுக்குப் பேர் கடப்பா இல்லை, உருளைக்கிழங்கு குருமா. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, கிழங்கைக் கையால் உடைத்துப் போட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழியணும். பருப்பும் கிழங்கும் சரிக்குச் சரி. மன்னார்குடிப் பக்கம் நீங்கள் என்ன செய்கிறீர்களோ, தெரியாது.

வெண்ணாற்றங்கரை:
கசகசா போடுவது ஓட்டல்காரன் வேலை. மன்னார்குடியை இழுக்க வேண்டாம். கும்பகோணத்தார் காபிக்கு டிகிரி கொடுத்தவர்கள், கடப்பாவுக்கும் பட்டம் கொடுத்துக்கொள்வார்கள்.

நாகை அலை:
மீனுக்கு 225 என்று படித்ததும் வந்தேன். வெண்ணாற்றங்கரை அண்ணன் மீனைப் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, கடைமடைச் சரக்கு என்றாலே அவருக்குக் கண் தெரியாது. தலைமடைக்கும் கடைமடைக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடுவது பற்றி ஓடிய முறைத் தண்ணீர் இழையிலும் இதே கதைதான். எங்கள் ஊரில் ஒரு துண்டு மீன் குழம்பில் கிடந்தால் சோறு தானாகக் குறைகிறது என்று எந்த ஆத்தாவைக் கேட்டாலும் சொல்லும்.

வெண்ணாற்றங்கரை:
மீன் குழம்பு இருந்தால் சோறு குறையுமா? எந்த ஊரில்? எங்கள் வீட்டில் விரால் குழம்பு என்றால் பானை காலி. சோறு கூடும் தம்பி, கூடும்! தண்ணீரைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பேசினால் நானும் பேசுவேன்.

இரும்புத்தோள்:
811 பேர் என்று மார் தட்டுகிற ஐயா, அதே கட்டுரையில் அந்த ஆட்கள் சொன்ன அளவுக்குப் புரதம் சாப்பிடவில்லை என்றும் இருக்கிறது. 25 சாப்பிடு என்றால் அந்த அளவை எட்டவே இல்லை. சாப்பிடாத புரதம் எப்படிப் பசியை அடக்கும்?

நம் தட்டைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வில் இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12. சிட்னியில் 2011ல் 22 பேரை வைத்துப் பார்த்தபோது புரதம் 15லிருந்து 10 சதவீதமாக இறங்கினதும் 12 சதவீதம் அதிகமாகத் தின்றார்கள், அதிலும் இடைத்தீனி. உடம்புக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை வாய் நிற்காது. 2005லேயே ஆய்வாளர்கள் சிம்ப்சனும் ராபன்ஹைமரும் இதைச் சொல்லிவிட்டார்கள். நாலு மணிக்குப் பக்கோடா கேட்கிற வாய் அதுதான் ஐயா.

வெண்ணாற்றங்கரை:
வாங்க தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன். அதே சிட்னி ஆய்வில் 25 சதவீதம் கொடுத்தபோது என்ன ஆனது? 15க்கும் 25க்கும் சாப்பாட்டில் வித்தியாசமே இல்லை! நீங்கள் என்ன சொன்னீர்கள்? இரண்டு மடங்காக்கு என்றீர்கள். 25க்குப் போனவனுக்கே குறையவில்லை, 30க்குப் போனால் குறையுமா? உங்கள் கத்தியாலேயே உங்களைக் குத்திக்கொண்டீர்கள்.

அப்புறம் சோற்றில் புரதம் இல்லை என்று யார் சொன்னது? 100 கிராம் அரிசியில் ஏழு கிராம் இருக்கிறது. 400 கிராம் அரிசி உண்பவனுக்கு அதிலேயே 28 கிராம் வந்துவிடும். ஐசிஎம்ஆர் 2020ல் சொன்ன கணக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம் போதும். மீதிக்குச் சாம்பார், தயிர், உளுந்து. நம் அப்பன் பாட்டன் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஈரம் காய்வதற்குள் நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விசிறிவிட்டுப் போனது எதற்கு? வரப்புக்கு அழகாக இருக்கட்டும் என்றா?

இரும்புத்தோள்:
400 கிராம் அரிசி என்றால் 1400 கலோரி ஐயா. அந்த 28 கிராமுக்காக 1400 கலோரி! உங்கள் பாட்டனார் நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தார். இப்போது நடவுக்கு மெஷின், அறுவடைக்கு மெஷின், டீக்கடைக்குப் பைக். அரிசியின் அளவு மட்டும் அப்படியே.

நாகை அலை:
உளுந்தைப் பற்றி அண்ணன் பேசக் கூடாது. மெஷின் அறுவடை வந்த பிறகு முளைத்த உளுந்து செயின் தடத்தில் நசுங்கிப்போகிறது. மிச்சத்துக்குக் கடைசி நனைப்பு கிடைத்தால்தானே? தலைமடையில் மடையைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களுக்குப் புரதப் பாடமா?

வெண்ணாற்றங்கரை:
மடையைத் திறந்தது யார் என்று ஊருக்கே தெரியும். தலைமடைக்காரன் என்றால் எல்லாருக்கும் இளக்காரம்.

சும்மா ஒருவன்:
இப்போது பேசுவது பசியா எடையா தண்ணீரா?

கடப்பா பிரியை:
கசகசாவை ஓட்டல் வேலை என்றதை ஐயா வாபஸ் வாங்கணும். எங்கள் அத்தை வீட்டில் ஒருநாளும் அது இல்லாமல் செய்ததில்லை. பருப்பு சத்து என்றால் திருவையாற்று அசோகா அல்வாவும் பாசிப்பருப்புதான், இரும்புத்தோள் தம்பி அதைக் கிலோக் கணக்கில் தின்று உடம்பைக் குறைக்கட்டும்.

இரும்புத்தோள்:
அக்கா, அதில் பருப்பை விடச் சர்க்கரையும் நெய்யும்தான் அதிகம். நான் சொல்வது முட்டை, மீன், தயிர், சுண்டல். புரதப் பவுடரும் இல்லை. ஆளுக்கு ஆள் என்னைப் பவுடர் விற்கிறவன் மாதிரி பேசாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:
பவுடர் பேச்சை நான் எடுக்கவில்லை, நீங்களே எடுத்தீர்கள். 2024ல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டியே புரதப் பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எதற்கு முந்திக்கொண்டு விளக்கம்? இதோ நேராகக் கேட்கிறேன்: கிழங்கு 323, முட்டை 150, ஆம் என்றா இல்லை என்றா?

இரும்புத்தோள்:
இரண்டு மணி நேரத்துக்கு ஆம். அதற்கு மேல் அந்தப் பட்டியல் வாயைத் திறக்கவே இல்லை.

வெண்ணாற்றங்கரை:
ஆம் என்று சொல்லிவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புத்தோள்:
பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது உங்களுக்குப் புதிதா என்ன? இட்லி இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள்.

நாகை அலை:
முறைத் தண்ணீருக்குத் தைரியம் இருந்தால் தனி இழை போடுங்கள் அண்ணே, அங்கே வருகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
போடுகிறேன், பயமா? மும்முனை கரண்ட் வந்துவிட்டது, மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன். அதற்குள் தம்பி அந்த 25 சதவீதத்துக்கு ஒரு பதில் தேடி வைக்கட்டும். கசகசாவை வாபஸ் வாங்க முடியாது.