செஞ்சி மலைக்கும் பிச்சாவரத்துக்கும் கேமராவை எப்படி எடுத்துச் செல்வது?

லாஸ்பேட்டை மாணவன்:
மார்கழி விடுமுறையில் நண்பர்களோடு செஞ்சி ராஜகிரி ஏறிவிட்டு, மறுநாள் பிச்சாவரம் போகத் திட்டம். கையில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த சிறு லென்ஸ், தூரத்துப் பறவைகளுக்காகப் புதிதாக வாங்கிய 70-300 லென்ஸ். இதுவரை கடற்கரைச் சாலையில் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்ததுதான் பழக்கம். படியில் குனிந்து ஏறும்போது கேமரா ஆடிப் பாறையில் இடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? கேமராவுக்கென்று தனிப் பை வேண்டுமா, கல்லூரிப் பையே போதுமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
தம்பி, கேமரா பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாறையில் இடிபட்டு என் மேசைக்கு வருபவை குறைவு. ஈரத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து வருபவைதான் அதிகம். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்கள் கிளை பிரிந்து ஓடியிருக்கும். துடைத்தெடுத்தாலும், அது சுரந்த அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் போகவே போகாது. ஆசை ஆசையாக வாங்கிய லென்ஸை அந்த நிலையில் பார்க்க எனக்கே மனம் தாங்காது.

கல்லூரிப் பையே போதும். ஆனால் இடுப்பில் கட்டும் பட்டை இருந்தால் நல்லது. சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம், படிகள் செங்குத்து. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமராவைத் துண்டில் சுற்றி, முதுகை ஒட்டினாற்போல் வை. தண்ணீர் பாட்டிலை உள்ளே வைக்காதே, வெளிப்பக்கத்தில் செருகு.

பைக்கு மேல் போடும் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகு வழியாக இறங்கும் தண்ணீர் உறையின் அடியிலேயே தேங்கி நிற்கும். பைக்குள் கெட்டியான பாலிதீன் பை ஒன்றைப் போட்டு, அதற்குள் கேமராவை வைத்து வாயை முறுக்கிக் கட்டு.

ஏசி காரில் போகிறாயா? அப்படியானால் இறங்கும் முன்பே கேமரா பாலிதீன் பைக்குள் இருக்கட்டும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் வேர்த்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் திற.

பாகூர் பறவை நோக்கர்:
அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் பைக்குள்ளேயே கட்டி வைத்தால் பறவை பறந்துபோன பிறகுதான் கேமரா கைக்கு வரும். பாகூர் ஏரிக்கரையில் நான் கேமராப் பட்டையை மார்புக்குக் குறுக்காக மாட்டி, கேமராவை அக்குளுக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் நடப்பேன். ஏற்றம் வந்தால் மட்டும் பைக்குள் போகும். செஞ்சியில் குரங்குகள் உண்டு. தின்பண்டமும் கேமராவும் ஒரே பையில் வேண்டாம் தம்பி. உச்சியில் காற்று அடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள், தூசி நேராக உள்ளே படம் பதியும் சென்சாரில் போய் உட்காரும். எந்த லென்ஸ் என்று அடிவாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
அம்மா சொன்ன குறுக்குப் பட்டை சமதரையில் நல்ல வழிதான். படியில் மட்டும் வேண்டாம்.

லாஸ்பேட்டை மாணவன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. பிச்சாவரத்தில் படகிலிருந்து கேமரா தண்ணீரில் விழுந்தால் அரிசியில் புதைத்து வைக்கலாம் என்கிறார்களே? ஊர் திரும்பிய பிறகு கேமராவைப் பையிலேயே வைக்கலாமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
அரிசி வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைச் சரியாக இழுக்காது, தவிடும் மாவும்தான் உள்ளே போகும். பிச்சாவரத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கிச் சர்க்யூட்டை அரிக்கும். விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்று. வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதே. அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடு. படகில் துடுப்புத் தண்ணீர் சொட்டி அடியில் நிற்கும், பையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொள். வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்ப்புகாப் பை கிடைத்தால் வாங்கு. கொஞ்சம் காற்றோடு மூன்று சுருட்டுச் சுருட்டினால் விழுந்தாலும் மிதக்கும்.

வீட்டில் பையிலோ தோல் உறையிலோ வைக்காதே, இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து உலரவிடு. பிறகு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வை. ஆரஞ்சு நிற மணிகளை வாங்கு. ஈரம் ஏறினால் பச்சையாகும், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே போடு. முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் போதும், 60-ஐத் தாண்டினால் மணிகளை வறுக்க வேண்டும்.