இன்டெல் மேக்கில் ஒரு பிளகின் சோதனை: உதவி தேவை

வணக்கம். தனி ஆளாக ஆடியோ பிளகின்களை (இசை மென்பொருளில் இணைத்து இயக்கும் சிறு நிரல்களை) எழுதி விற்று வருகிறேன். வெளியிடத் தயாராக உள்ள ரிவெர்ப் (ஒலிக்கு அறை முழக்கம் சேர்க்கும்) பிளகின், 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவை) 64 சாம்பிளாகக் குறைத்தால், அதாவது ஒவ்வொரு துண்டையும் சுமார் 1.33 மில்லி விநாடிக்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டிய நிலையில், இன்டெல் மேக்கில் மட்டும் 'டிக்' என்று ஒலிப்பதாகச் சோதித்த நண்பர் ஒருவர் தெரிவித்தார். ஆடியோ த்ரெட்டில் (ஒலியைக் கணக்கிடும் நிரல் ஓட்டத்தில்) தாமதம் உண்டாக்கக்கூடிய நினைவக ஒதுக்கீடோ லாக்கோ இல்லை. ஒலி தேய்ந்து அடங்கும் கடைசிப் பகுதியில்தான் இது நிகழ்கிறது என்பதால், பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் இருந்து, இன்டெல் சிப்பின் கணக்கீட்டை மெதுவாக்கக்கூடிய டீநார்மல் எண்கள் மீதே என் சந்தேகம். என்னிடம் இருப்பதோ இன்டெல் அல்லாத, ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட எம்1 மேக். இன்னொன்று வாங்க இத்தொழிலின் வருமானம் இடம் தரவில்லை.

இன்டெல் மேக்கில் லாஜிக் அல்லது ரீப்பர் இசைப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், அந்த எண்களைப் பூஜ்ஜியமாக்கும் பதிப்பையும் ஆக்காத பதிப்பையும் நிறுவி, ஒரே ஒரு ஸ்னேர் டிரம் அடியை ஒலிக்கவிட்டு, அது அடங்கும்போது சிபியு அளவு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல இயலுமா? விருப்பமுள்ளவர்கள் மேக் மாடலையும் இயங்குதளப் பதிப்பையும் கருத்தில் குறிப்பிட்டால், நிறுவல் கோப்புகளை அனுப்பி வைக்கிறேன்.